ஒரு வீட்டின் ஒற்றுமைக்கு நான் செய்தது

ஐயா, சமூகவியலை உண்டாக்கியவர்களில் பெரும்பாலோருக்குத் தாடி இருந்தது. எனக்கு வளரவில்லை. கன்னத்தில் இரண்டு திட்டு, தாடையில் கொஞ்சம். ஆடு மேய்ந்துவிட்டுப் போன இடம் மாதிரி இருக்கிறது என்பார் எங்கள் வீட்டில் குடியிருக்கும் மொக்தார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. முதலில் சும்மா ஏதாவது பேசினால் பதில் சொல்பவரின் இறுக்கம் தளரும் என்று எங்கள் துறையில் சொல்லிக்கொடுப்பார்கள். நேர்காணல் எடுத்து எடுத்து அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. இங்கே பதில் சொல்பவன் நான்தான் என்பது அவ்வப்போது மறந்துபோகிறது.

என்னை யாரும் பிடித்து வரவில்லை. நானாக வந்தேன். மீலாதுக்கு முதல் நாள், பாப் ஜெதீத் பக்கம் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டின் மொட்டைமாடியிலிருந்து ஒருவன் சந்தில் விழுந்து செத்தான். டிஷ் ஆன்டெனாவைத் திருப்பப் போனவன் வழுக்கி விழுந்தான் என்று நீங்கள் முடித்துவைத்திருக்கிறீர்கள். உடல் இன்னும் பிணவறையில்தான் இருக்கிறது, வாங்க யாரும் வரவில்லை. அவன் வழுக்கவில்லை ஐயா. அவனை விழவைத்தது நான். அவன் என் நெருங்கிய நண்பன். அந்த வீட்டில் அவனை ஒரு மனிதனாக மதித்த ஒரே ஆள் நான்தான் என்பதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக்கூடும்.

என் பெயர் ஸுஹைர். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். தலைப்பு, பழைய நகரத்து ஒண்டுக்குடித்தனங்களில் கூட்டுணர்வு. கூட்டுணர்வு நம்ம ஊர்ச் சரக்கு. அவென்யூவில் புத்தகத்தை அணைத்தபடி சிலையாக நிற்கிறாரே, தலைப்பாகைக்காரர், அவர் அறுநூறு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டுப் போனது. பாலைவனத்தில் பசியோடு திரியும் கூட்டம் ஒரே ஆளாக நிற்கும். அதுவே நகரத்துக்கு வந்து மெத்தையில் புரள ஆரம்பித்ததும் அண்ணன் யாரோ, தம்பி யாரோ. நீங்கள் அந்தச் சிலையடியில் பலமுறை காவல் நின்றிருப்பீர்கள், முகம் தெரிந்திருக்கும்.

நான் அந்தக் கூட்டுணர்வைத் தேடித்தான் அந்த வீட்டில் அறை எடுத்தேன். கல்யாணமாகாத ஆண்களுக்குக் குடும்பங்கள் இருக்கும் வீட்டில் இடம் தரமாட்டார்கள். எனக்குக் கிடைத்தது, அங்கே குடியிருக்கும் லல்லா வஸீலாவுக்கு என் அம்மா தூரத்து உறவு என்பதால். மிஸ்பாஹுக்குக் கிடைத்தது, மாடியில் அவனுக்குக் கொடுத்த அறைக்குக் கூரை பாதிதான் இருந்தது என்பதால்.

மிஸ்பாஹ்தான் செத்தவன். கஃப்ஸா சுரங்கப் பக்கமிருந்து வந்தவன். பாப் ஜெதீத் முனையில் லப்லபிக் கடையில் கொண்டைக்கடலை வேகவைக்கிற வேலை. வீட்டில் எல்லோரும் அவனைக் கஃப்ஸாக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். கடை முதலாளியும் அப்படித்தான். நான் மட்டும் என் குறிப்பேட்டில் அப்படிக் குறிப்பிட்டதில்லை.

அந்தக் கடையில் காய்ந்த ரொட்டியை அவரவரே பிய்த்துக் கிண்ணத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், சூப்பை அவர்கள் ஊற்றுவார்கள். எனக்கு மட்டும் ரொட்டியையும் அவனே பிய்த்துப் போடுவான்.

"படிச்ச கைடா, நோகும். நீ பேனாவப் பிடி, போதும்."

இதையெல்லாம் அவன் கிண்டலாகச் சொன்னானா, அன்பாகச் சொன்னானா என்று பிரித்து எழுத எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. அதை விடுங்கள்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நடுவில் முற்றம், முற்றத்தில் மழைநீர்த் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குழாய், குழாய்க்குப் பக்கத்து அறையில் லல்லா வஸீலா. கணவரை இழந்தவர். வாயை இழக்காதவர். எதிர்ப்பக்கம் டாக்ஸி ஓட்டும் மொக்தார், அவர் மனைவி பெய்யா. படிக்கட்டுக்குக் கீழே, ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஸி ஷெத்லி, கூண்டில் ஒரு பாடும் குருவியோடு. இன்னும் சில குடும்பங்கள். துணிக்கொடி விஷயத்தில் பெய்யாவும் லல்லா வஸீலாவும் பேசுவதை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. மாடியில் குடும்பத்துக்கு ஒரு டிஷ், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும். படிக்கட்டில் ஒரு படி உடைந்து கிடந்தது. எல்லோரும் அதைத் தாண்டியே ஏறி இறங்கினார்கள். யார் சரிசெய்வது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவர் கதவைக் காட்டினார்கள். கடைசியில் மிஸ்பாஹ் ஒரு வெள்ளிக்கிழமை சிமென்ட் குழைத்துப் பூசினான். லல்லா வஸீலாவுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கி வருவதும் அவன்தான். மொக்தாரின் டாக்ஸி கிளம்பாதபோது பின்னாலிருந்து தள்ளுவதும் அவன்தான். ஸி ஷெத்லிக்குக் கண்ணில் சொட்டுமருந்து விடுவதும் அவன்தான்.

அப்படியானால் ஒற்றுமை இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். மதாம் துர்ராவும் ஒருமுறை கேட்டார். இல்லை ஐயா. ஒருவனுடைய நல்ல குணம் சமூக உண்மை ஆகாது. அது வெறும் தகவல். பிரெஞ்சுத் தாடிக்காரர் இதில் மிகவும் கறாரானவர்.

மதாம் துர்ரா என் நெறியாளர். போன குளிர்காலத்தில் அவர் அறையில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது புரியும். என் அத்தியாயத்தைக் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்திருந்தார்.

"மூணு வருஷமா அங்கயே கெடக்கிற. என்ன கண்டுபிடிச்ச, ஸுஹைர்?"

"அங்க கூட்டுணர்வே இல்ல மதாம்."

"இல்லாததைப் பத்தி எழுதணும்னா தத்துவத் துறை மேல் மாடில இருக்கு. லிஃப்ட் வேலை செய்யல, படியேறிப் போ."

"அது ஏன் இல்லைன்னு எழுதலாம்னு…"

"ஏன் இல்லைங்கிறது என் கொழுந்தனாருக்கே தெரியும், அவரு பல்டாக்டர். ஒரு கூட்டம் எப்போ ஒண்ணு சேருதுன்னு பாரு. பெரியவங்களைத் திருப்பிப் படி. இந்த வருஷமும் வெறுங்கையோட வந்தேன்னா உன் இடத்தை வேற ஒரு பொண்ணுக்குக் குடுக்கப்போறாங்க. அவ நல்லா எழுதறா, அது வேற."

சொன்னபடி திருப்பிப் படித்தேன். பெயர்களைச் சொல்லி உங்கள் கையை வலிக்கவைக்க மாட்டேன், எல்லாம் நீளமானவை. பிரெஞ்சுக்காரர் சொல்வதன் சாரம் இது: குற்றம் என்பது சமூகத்தின் நோய் இல்லை, அதன் இயல்பு. ஒருவன் தப்பு செய்தால்தான் மற்றவர்கள் வாசலுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "நாம அப்படி இல்ல" என்று சொல்லிக்கொள்ள முடியும். மகான்கள் மட்டும் குடியிருக்கும் மடத்திலும் ஒருவன் தும்மியதைக் குற்றமாக்கினால்தான் மற்றவர்கள் மகான்களாக நீடிக்கலாம். பெர்லினில் ஒருவர் அந்நியனைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் கூடவே இருப்பான், நம்மவனாக மட்டும் ஆகமாட்டான், அப்படிப்பட்டவனால் ஒரு கூட்டத்துக்கு உபயோகம் அதிகம். சிகாகோவில் இன்னொருவர், ஊரார் ஒரு விஷயத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டுவிட்டால் போதும், விளைவுகள் அசல் உண்மைக்கு நடப்பதுபோலவே நடக்கும் என்கிறார்.

இவர்களையெல்லாம் என் அறையில் வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. எங்கள் வீட்டில் இத்தனை பேர் இருந்தும் ஒரு குற்றவாளிகூட இல்லை. அறிவியல் நோக்கில் அது ஒரு குறைபாடு.

மிஸ்பாஹைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குத் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை. அதை நான் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்துக்கொண்டேன். ஜெர்மன்காரர்களில் ஒருவர், ஆய்வு செய்கிறவன் தனக்குப் பிடித்தது பிடிக்காததை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும் என்பார். நான் கழற்றித்தான் வைத்தேன். மூன்று வருஷம் அந்த முற்றத்தில் கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். லல்லா வஸீலா ஒரு நாளும் என்னைக் கூப்பிட்டு கேஸ் சிலிண்டர் தூக்கச் சொன்னதில்லை. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவன் பொருத்தமாக இருந்தான், அவ்வளவுதான்.

முதலில் லல்லா வஸீலாவின் வெண்கல உரல். மீலாதுக்கு அஸீதாக் களி கிண்ட பைன் விதையை அதில்தான் இடிக்க வேண்டும் என்பார், மில்லில் அரைத்தால் களி கசக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. வீட்டில் எல்லோரும் அந்த உரலைத்தான் இரவல் வாங்குவார்கள். பேசாத பெய்யாகூட பிள்ளைகளை அனுப்பி வாங்குவாள். கொடுக்கும்போது லல்லா வஸீலா ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் கொடுப்பார். அந்தத் திட்டுதான் அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே பொது நடவடிக்கை. அதனால் அதை எடுத்தேன்.

பிறகு ஸி ஷெத்லியின் குருவி. கூண்டைத் திறந்து விட்டேன். இதில் குருவிக்கு லாபம்தான். ஸி ஷெத்லி அடுத்த சில நாள் வெறும் கூண்டுக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். அதை நான் பதிவு செய்தேன்.

அதன் பிறகு நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்டேன். "யாரைச் சந்தேகப்படறீங்க?" என்று கேட்பது கற்றுக்குட்டி முறை. பதில் சொல்கிறவர் உஷாராகிவிடுவார். நான் லல்லா வஸீலாவிடம் இப்படிக் கேட்டேன்.

"லல்லா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா தோள் குடுக்க இந்த வீட்ல இருந்து யார் யார் வருவாங்க?"

"காலங்காத்தால கேக்கிற கேள்வியைப் பாரு. மீசையும் ஒழுங்கா மொளைக்கல, அதுக்குள்ள எனக்குப் பாடை கட்டுறான்." விரல்விட்டுத்தான் சொன்னார். "மொக்தார் வருவான். மூளை கெடையாது, தோள் இருக்கு. ஷெத்லி வருவாரு, வழியில அவரையும் சேத்துத் தூக்கணும். பெய்யா புருஷன அனுப்பிட்டு இங்க என் கொடியில துணி காயப்போடுவா. நீ வருவ, பேனாவோட."

"கஃப்ஸாக்காரர்?"

விரல் அப்படியே நின்றது.

"அவன் வருவான். வராம என்ன." குழாயைத் திறந்தார், மூடினார். "ஆமா, அவன் யாரு எவருன்னு நமக்கு என்ன தெரியும் சொல்லு."

எனக்கு அந்த நின்ற விரல் போதும். இதே கேள்வியை ஒவ்வொரு கதவிலும் கேட்டேன். ஒவ்வொரு கதவிலும் ஒரு விரல் நின்றது. இரண்டு நாள் கழித்து முற்றத்தில் பெய்யாவும் லல்லா வஸீலாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நம்ம ஆளுங்கள்ல எவனும் உரல் திருடற அளவுக்குப் போகமாட்டான்."

"நம்மாளுங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏதுடி."

வருஷக்கணக்கில் பேசாதவர்கள். "அக்கா", "அடி". என் அறைக் கதவிடுக்கில் நின்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் கண் கலங்கிவிட்டது. நீங்கள் ஒரு வீட்டை அத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் கலங்கும்.

உரலை மிஸ்பாஹின் அறையில் வைத்தது நான். என்னிடம் அவன் அறைச் சாவி இருந்தது. "என் கூரைல பாதி இல்லடா, பகல்ல லைட்டே போட வேணாம், அங்க உக்காந்து எழுது" என்று அவனாகவே கொடுத்தது. தண்ணீர் கேனுக்குப் பின்னால் வைத்தேன், தேடினால் கிடைக்கும், தேடாமல் கிடைக்காது, கதவைப் பூட்டாமல் வந்தேன். மாடி அறையைத் தேடுங்கள் என்று மொக்தாரிடம் நான் சொல்லவில்லை. மாடி அறைக்கு நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள் என்று மட்டும் கேட்டேன். தரவுக்காக.

மீலாதுக்கு முதல் நாள் மத்தியானம் மொக்தார் உரலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கி வந்தார், பெற்ற குழந்தையைக் காட்ட வருகிறவர் மாதிரி. வீடு முழுக்க முற்றத்துக்கு வந்துவிட்டது. நான் என் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கதவிடுக்கு வழியாக எல்லாம் தெரியும்.

மிஸ்பாஹ் அப்போதுதான் வேலை முடிந்து வந்தான். கையில் காகிதப் பை. லல்லா வஸீலா பைன் விதை வாங்கிவரச் சொல்லியிருந்தார், இதெல்லாம் ஆரம்பிப்பதற்கு முன்பு. தொட்டி விளிம்பில் உரலைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"கெடச்சிருச்சா லல்லா? நல்லவேளை. நான் மில்லுல வேற சொல்லி வச்சிட்டு வந்தேன்."

"எங்க கெடச்சதுன்னு கேளு," என்றார் மொக்தார்.

"எங்க?"

"உன் கட்டிலுக்கு அடியில."

"எனக்குக் கட்டிலே இல்லையே, மொக்தார். தரைலதான படுக்கிறேன்."

ஐயா, இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். கட்டில் இல்லாத அறையில் கட்டிலுக்கு அடியில் கிடைத்த உரல். அங்கே நின்ற ஒருவருக்கும் அது இடிக்கவில்லை. சிகாகோக்காரர் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

"பேச்சைப் பாரு. குருவிய எங்கடா வித்த?" என்று பெய்யா கேட்டாள்.

"எந்தக் குருவி?"

ஸி ஷெத்லி காலிலிருந்து செருப்பைக் கழற்றி எறிந்தார். அந்த மனிதர் கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார். செருப்பு அவன் தோளில் பட்டு விழுந்தது. அவன் குனிந்து எடுத்து அவரிடமே நீட்டினான், "சொட்டுமருந்து விட்டுட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே. பழக்கதோஷம். மொக்தார் அறைந்தது அப்போதுதான்.

"லல்லா, நானா? நீங்க சொல்லுங்க, நானா?"

"என் கையால ரொட்டியும் உப்பும் தின்னவன்டா நீ," என்றார் லல்லா வஸீலா. அழுதுகொண்டுதான் சொன்னார். ஆனால் அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்.

அவர்கள் நெருங்கி வந்தார்கள். தோளோடு தோள் என்று புத்தகங்களில் போடுவார்கள், அதை நான் கண்ணால் பார்த்தேன். மிஸ்பாஹ் பின்வாங்கிக்கொண்டே வந்து என் கதவைத் தட்டினான்.

"ஸுஹைர், கதவத் தொற. நீதான் எல்லாத்தையும் எழுதறியே. எடுத்துக் காட்டு இவங்களுக்கு. நான் காலைலயே போயிடறேன், என் ரூம் சாவி உங்கிட்டதான…"

அதோடு நிறுத்தினான். கதவின் அந்தப் பக்கம் அவன் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது, இந்தப் பக்கம் நான் விடாமல் இருந்தேன். பிறகு மிகவும் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"ஸுஹைர்?"

கதவைத் திறப்பது எனக்குக் கஷ்டமான காரியமில்லை. ஒரு தாழ்ப்பாள்தான். ஆனால் களத்தில் ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது ஆய்வாளன் குறுக்கே போகக் கூடாது. குறுக்கே போனால் அது என் விளைவாகிவிடும், அவர்களுடையதாக இருக்காது. இது எங்கள் முதல் வருஷப் பாடம், பரீட்சையில் தவறாமல் வரும்.

அவன் திரும்பிப்போய் முற்றத்தில் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை போதும். அவன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. ஒரே ஒரு ஆளின் நடத்தை, அதிலிருந்து எதையும் பொதுமைப்படுத்த முடியாது.

மாடிக்கு ஓடினான். தான் பூசிய படியில் கால்வைத்துத்தான் ஏறினான். மொக்தாரும் இன்னும் சிலரும் பின்னால் ஓடினார்கள். பக்கத்து வீட்டு மாடிக்குச் சந்தைத் தாண்டிக் குதித்துவிடலாம், சின்னப் பையன்கள் பந்து எடுக்கத் தினமும் குதிப்பார்கள். அவன் அந்தப் பையைக் கையிலிருந்து விடவில்லை. சுவரைப் பிடிக்க அவனிடம் ஒரு கைதான் இருந்தது.

சத்தம் கேட்டபோது முற்றத்தில் இருந்த பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பெய்யாவின் கையை லல்லா வஸீலா. பிறகு பெய்யாவின் அடுப்பிலிருந்து லேசாகத் தீய்ந்த வாடை வந்தது. கடைப்பொடியில் அவள் முதலிலேயே களியை ஏற்றியிருந்தாள். "அடி பிடிக்குதுடி, போய்க் கிளறு" என்றார் லல்லா வஸீலா. அவள் போய்க் கிளறினாள்.

நீங்கள் வந்து விசாரித்தீர்கள். எல்லோரும் ஆன்டெனா என்றார்கள். இதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. நான் அங்கேயேதான் இருந்தேன், யாரும் யார் காதிலும் எதுவும் சொல்லவில்லை. ஒரு டிஷ் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் ஒத்துப்போகாத மனிதர்கள். தனித்தனியாக உங்கள் முன் நின்று, ஒரே ஆன்டெனா, ஒரே வழுக்கல், "பாவம், உதவி பண்றவன்" என்று ஒரே பாவம். லல்லா வஸீலாவின் ஆன்டெனா என்பதில்கூட யாரும் மாறிச் சொல்லவில்லை. தலைப்பாகைக்காரர் கூட்டுணர்வைத் தேடிப் பாலைவனம் வரை போனார். நான் அதை ஒரு முற்றத்தில் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கிண்ணங்கள் கிளம்பின. கறுப்புக் களி, மேலே வெள்ளைப் பாலேடு, அதன்மேல் பாதாமும் பிஸ்தாவும் வைத்துக் கோலம். பெய்யா வீட்டுக் கிண்ணம் லல்லா வஸீலாவுக்கு, அவர் கிண்ணம் ஸி ஷெத்லிக்கு, எல்லோருடையதும் எல்லோருக்கும். சில வருஷமாக அந்த வீட்டில் நின்றுபோயிருந்த வழக்கம். யாருடைய கிண்ணத்தில் கோலம் நன்றாக வந்திருக்கிறது என்று வழக்கமாகச் சண்டை வரும், அன்றைக்கு வரவில்லை. என் கதவையும் தட்டினார்கள். திறந்தேன்.

"சாப்பிடு என் புள்ள," என்றார் லல்லா வஸீலா. "மத்தியானம் நீ வெளியவே வரல, பயந்துட்டியா? எதுக்கும் பயப்படாத. நீ நம்மாளு."

மூன்று வருஷத்தில் என் கதவுக்கு வந்த முதல் கிண்ணம். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் அடிப்பிடித்த வாசனை, அவ்வளவுதான்.

பிறகு ஏன் இங்கே வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் துல்லியமாகச் சொல்ல வேண்டுமென்றால், நேற்று மதாம் துர்ராவிடம் போனேன். கடைசி அத்தியாயத்தைப் படித்தார். காப்பிக் கோப்பையை வேறு இடத்தில் வைத்துவிட்டுப் படித்தார்.

"பிரமாதமா இருக்கு, ஸுஹைர். ஆனா காரணம் என்ன? உரல் தொலைஞ்சது, குருவி பறந்தது, ஒருத்தர் விழுந்துட்டாரு, எல்லாம் தற்செயலா இருக்கலாமில்ல? எதுனால எது நடந்ததுன்னு உன்னால நிரூபிக்க முடியலையே."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எதனால் நடந்தது, யாரால் நடந்தது என்பது எங்கேயாவது அதிகாரபூர்வமாகப் பதிவாக வேண்டும். நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டால் என் மூன்று வருஷமும் விபத்தாகிவிடும். நான்தான் செய்தேன். உரலை எடுத்தது நான், வைத்தது நான், கேட்டது நான், கதவைத் திறக்காதது நான். கையெழுத்துப் போடுகிறேன்.

வீட்டுக்காரர்கள் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்கிறீர்கள். தெரியும். நண்பன் செத்த துக்கத்தில் பிள்ளை என்னென்னவோ உளறுவான், அவனை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள் என்று லல்லா வஸீலா காலையிலேயே வந்து சொல்லியிருப்பார். மொக்தார் வெளியே டாக்ஸியோடு நிற்கிறாரா? இருக்கட்டும். அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், என் முடிவுக்கு வலு சேர்க்கும்.

சொல்லுங்கள், இன்னும் என்ன வேண்டும்? அவன் பெயரா?

மிஸ்பாஹ் என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓ, அப்படி ஒருவர் பதிவில் இல்லையா. இருக்காது. அது நான் வைத்த பெயர். தகவல் தருகிறவர்களின் உண்மைப் பெயரை நாங்கள் வெளியிடுவதில்லை, நெறிமுறைக் குழு அனுமதிக்காது. அவர்களுக்கு எங்களால் எந்தக் கெடுதலும் வந்துவிடக் கூடாது என்பதற்காக முதல் நாளே பெயரை மாற்றிவிடுவோம்.

புரிகிறது ஐயா. அவன் சட்டைப்பையில் அடையாள அட்டை இல்லை, போன் விழுந்து நொறுங்கிவிட்டது. கடை முதலாளிக்கும் தெரியவில்லை, வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கைரேகையை அனுப்பிப் பதில் வருவதற்குள் பேரில்லாதவர்களோடு சேர்த்துப் புதைத்துவிடுவார்கள். கஃப்ஸா பக்கம் எங்கேயோ அவன் அம்மா இருப்பார், சொல்லி அனுப்ப வேண்டும். நீ நெருங்கிய நண்பன், உனக்குத் தெரியாமல் இருக்காது என்கிறீர்கள்.

தெரியாமல் இல்லை. சொல்லியிருக்கிறான். முதல் நாள் பதிவுசெய்தபோது தன் பெயர், அப்பா பெயர், ஊர், அம்மாவை என்னவென்று கூப்பிடுவான் என்பதுவரை சொன்னான், கடையில் கடலையைக் கிண்டிக்கொண்டே. பெயரை மாற்றி எழுதிய பிறகு அசல் ஒலிப்பதிவை அழித்துவிட வேண்டும் என்பது விதி, அழித்துவிட்டேன். பிறகு மூன்று வருஷம் மிஸ்பாஹ், மிஸ்பாஹ் என்றே எழுதியதில் அந்தப் பழைய பெயர்… இருங்கள். இல்லை. வரவில்லை. நேரில் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு அவசியமே வந்ததில்லை, எப்போதும் அவன்தான் என்னைக் கூப்பிடுவான்.

அந்த இடத்தைக் காலியாக விட வேண்டாம், பார்க்க நன்றாயிருக்காது. 'ஸுஹைரின் நெருங்கிய நண்பன்' என்று எழுதிக்கொள்ளுங்கள். அவனைப் பற்றி நான் சொன்னதில் மாற்றப்படாத தகவல் அது ஒன்றுதான்.